உள்ளே இருந்த வால்வு

எங்கள் வீட்டு வாசல் குழாய் இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகுவதில்லை. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒழுகாத குழாயைப் பார்த்து யாராவது கூச்சப்படுவார்களா என்று கேட்கலாம். நான் படுகிறேன். காலையில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட அதைத் திறக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

லுக்குட் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது எங்கள் வீடு. வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. கேட்டைத் திறந்தால் கார் நிற்கும் இடம், அதன் ஓரத்தில் சுவரோடு சேர்ந்தாற்போல அந்தக் குழாய். கார் கழுவட்டும் என்று வீடு கட்டிய கம்பெனி வைத்தது. நம் ஆட்கள் வீட்டில் அதற்கு வேறு வேலையும் உண்டு. கோயிலுக்குக் கிளம்பும்போது அதில்தான் கால் கழுவுவோம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அதில் கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்ட பிறகுதான் படியேறுவோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு அது வெறும் குழாய். எங்களுக்கு வீட்டுக்குள் வருவதற்கான வழியே அதுதான்.

நான் வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது ஒழுக ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பு அடுக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியும், ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு வேலை வேண்டுமே. யூடியூப்பைப் பார்த்து, வெள்ளை டேப்பை வாங்கி வந்து குழாயின் கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் டேப்புக்கு அடியில் புகுந்து வேறு பக்கம் வந்தது. நாசி லெமாக் பொட்டலத்தில் வந்த ரப்பர் வளையங்களை எல்லாம் சேர்த்து இறுக்கினேன். அது இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் முன்னைவிட வேகமாக ஒழுகியது. வாசலில் ஒரு சின்னக் குட்டை தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்தது.

"டெங்கி ஆபீசரு வந்தா சம்மன் குடுத்துட்டுத்தான் போவான். யூடியூப்ப மூடிட்டு ஆளக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

ஆளைக் கூப்பிட்டேன். அவனைக் கூப்பிடுவது எனக்கு எப்போதுமே சுலபம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒரே வகுப்பில் படித்தோம். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன். கணக்கு வாத்தியார் என்னைத் திட்டும்போதெல்லாம் அவனைக் காட்டித்தான் திட்டுவார். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான். தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பு பார்க்கும் வேலைக்குப் போய், குழாய் வேலை கற்றுக்கொண்டு, இப்போது சுற்று வட்டாரத் தாமான்களுக்கெல்லாம் மோட்டாரில் போய்ச் செய்து கொடுக்கிறான். இன்னும் தோட்டத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில்தான் குடியிருக்கிறான். நான் கிராணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிராணி என்றுதான் கூப்பிடுவான். அது கேலியா மரியாதையா என்று நானும் கேட்டதில்லை.

கடைசி லயம் என்று எழுதிவிட்டேன். அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம். என் அப்பா வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். நாங்கள் இருந்தது முதல் லயம். அவன் அப்பா கால்வாய் சுத்தம் செய்வார், தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு அடிப்பார், குழி வெட்டுவார். அவர்கள் லயத்துக்குத் தனியாக ஒரு குழாய் இருந்தது. எங்கள் குழாயில் அவர்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிடிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் குழாய் கெட்டுப்போன நாட்களில் மட்டும் வந்து பிடித்துப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் என் அம்மா புளி போட்டுக் குழாயின் வாயைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எங்கள் குடத்தை வைப்பார். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா பழைய காலத்து மனுஷி, நான் அப்படி இல்லை என்று ரொம்ப காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் கமிட்டிக்கு நான் செயலாளர் ஆன வருடம், பால்குட ஊர்வலம் கடைசி லயத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும் பழைய வழக்கத்தை மாற்றி, அங்கேயும் போக வைத்தவன் நான்தான். கூட்டத்தில் எழுந்து, அம்மன் எல்லாருக்கும் ஒண்ணுதான் என்று பேசினேன். கைதட்டினார்கள்.

இந்த வருடம் பால்குடம் எடுப்பதாக நானே நேர்ந்திருந்தேன். மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுத்து, அது சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கான வேண்டுதல். கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தேன். வீட்டில் கவுச்சி கிடையாது, தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை. காப்புக் கட்டியவன் வீட்டில் தீட்டுப் படக் கூடாது.

அந்த நாட்களில்தான் தோட்டத்தில் ஒரு சாவு. ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டிய கிழவர். எல்லாருக்கும் வேண்டியவர். காப்புக் கட்டியிருந்ததால் நான் போகவில்லை. ரஹாங்கில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் குழாயில் கால் கழுவினார், தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டார், உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"மச்சான், இந்தப் பைப்ப மொதல்ல மாத்துங்க லா. காலு கழுவறதுக்கு முன்னாடியே கால்சட்டயெல்லாம் நனஞ்சிருது," என்றார். சிரித்தோம். நாளைக்கு ஆள் வருகிறான் என்றேன்.

மறுநாள் காலையில் அவன் வந்தான். மோட்டாரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.

"டேய் கிராணி, ஒண்ணு சொல்லிர்றேன். நேத்து சாவுக்குப் போனேன். பொட்டி தூக்குனதுல நானும் ஒருத்தன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சிட்டேன், துணியெல்லாம் மாத்திட்டேன். ஆனா நீ காப்பு கட்டியிருக்க. வேணாம்னா சொல்லு லா, திருநா முடிச்சு வரேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என் விரதத்தை என்னைவிட அவன் பெரிதாக நினைத்ததால் சொன்னான்.

"வேல வெளியதானடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வா," என்றேன். பெரிய மனசு எனக்கு.

அவன் என் டேப்பையும் ரப்பர் வளையங்களையும் கத்தியால் அறுத்து எடுத்தான். "யாரு, டாக்டரா கட்டுப் போட்டது?" என்று கேட்டுச் சிரித்தான். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரமாக இருக்கும் மீட்டர் வால்வைப் போய்ப் பார்த்தான். துருவேறிக் கிடந்தது.

"இத முறுக்குனா முறிஞ்சாலும் முறிஞ்சிரும். அப்புறம் தண்ணி ஆபீசுக்குப் போன் போட்டு அலையணும். உள்ள ஒரு வால்வு இருக்கும் பாரு, குசினில, சிங்குக்குக் கீழ. அத அடச்சாப் போதும்."

சொல்லிவிட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே போவதற்குத்தான். வால்வை அடைப்பது குழாய்க்காரனின் வேலை. அவன் அதைச் செய்யப் புறப்பட்டான்.

"நீ இரு, நானே அடச்சிட்டு வரேன்," என்றேன்.

அவன் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டான்.

சிங்குக்கு அடியில் குனிந்து வால்வைத் திருப்பினேன். வெளியிலிருந்து குரல் கேட்டது: "இன்னும் நூலு மாதிரி வருது!" கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கே வந்து நின்றான். படியேறவில்லை. "பழைய வால்வு கிராணி. அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, ஒரு திருப்பு திருப்பி, ஒரு திருப்பு பின்னால விடணும். நான் வந்து பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். அவ விரதத்துக்குச் சமைக்கிறா," என்றேன். மனைவியைக் காரணமாகச் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பின் முன்னால் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவனிடம் ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போனேன். பக்குவமாவது மண்ணாவது என்று பலத்தைக் காட்டினேன். உள்ளே மளுக்கென்று ஏதோ ஒன்று ஆனது. கைப்பிடி இளகி, பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. உடைத்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே நூல் நின்றிருந்தது.

"நின்னுருச்சு! அவ்வளவுதான்!" என்று அவன் கத்தினான். "நல்லா அடச்சிட்டியா?"

"அடச்சாச்சு," என்றேன்.

கைப்பிடி சுற்றுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் வந்து பார்க்க வேண்டும் என்பான். அதற்கு மறுபடி ஒரு காரணம் தேட வேண்டும். அதற்குப் பயந்து பொய் சொன்னேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றேன். அவன் குழாயைத் திறந்து பார்த்தான், தண்ணீர் இல்லை. பெரிய ஸ்பேனரைப் போட்டுப் பழைய குழாயைச் சுவரிலிருந்து கழற்றினான். கையில் எடுத்து அதன் உள்பக்கத்தை எனக்குக் காட்டினான். "ரப்பரு மட்டுமில்ல, உள்ளயே அரிச்சுப் போச்சு பாரு," என்றான். புதுக்குழாய்க்கு டேப் சுற்ற உட்கார்ந்தான். சுவரில் இருந்த ஓட்டை அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

உடைந்த வால்வு அப்போதுதான் கைவிட்டது.

மெயின் தண்ணீர் முழு வேகத்தில் அவன் முகத்தில் அடித்தது. பின்னால் சாய்ந்து விழுந்தான். எழுந்து உள்ளங்கையால் ஓட்டையை அழுத்தினான், விரல்களுக்கு இடையில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்து மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கார்மேல் விழுந்தது. சட்டை, கால்சட்டை, தலை எல்லாம் தெப்பலாக நனைந்துவிட்டது.

"உள்ள என்னாச்சு?" என்றான்.

"கைப்பிடி சுத்துது. அப்பவே சுத்துச்சு," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தான். கோபம் இல்லை. அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் தண்ணீர் வழிய வழியச் சொன்னான்:

"சரி லா, விடு. நான் உள்ள போயிப் பிளையர வச்சு இறுக்கிட்டு வந்துர்றேன். நேத்து ஒரு தடவ குளிச்சேன், இப்ப உன் வீட்டுத் தண்ணியிலயே தலைக்கு ஊத்தியாச்சு. இனி என்ன தீட்டு?"

ஒரு துணியை ஓட்டையில் திணித்துவிட்டு, பிளையரை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலுக்கு வந்தான். நான் அவனுக்கு முன்னால் ஓடி வந்து வாசலில் நின்றிருந்தேன். வழிகாட்டத்தான் ஓடினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். ஆனால் நான் நகரவில்லை. நிலையில் ஒரு கை, கதவில் ஒரு கை. என்ன நினைத்தேன் என்று கேட்டால், எதையும் நினைக்கவில்லை. அதுதான் கேவலம். நினைத்திருந்தால் நகர்ந்திருப்பேன். உடம்பு அதுவாகவே நின்றது. குழாயின் வாயைத் தேய்த்த என் அம்மாவின் கை எப்படி அதுவாகவே தேய்க்குமோ அப்படி.

எவ்வளவு நேரம்? ஒரு ஆள் எச்சில் விழுங்கும் நேரம் இருக்கும். அவன் என் கையைப் பார்த்தான். கதவைப் பிடித்திருந்த கையை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, பிறகு போய்விட்டது.

திரும்பினான். கேட்டைத் தாண்டி ஓடி, கால்வாய்க்குள் இறங்கி முட்டிபோட்டான். முறிந்தாலும் முறியும் என்று அவனே சொன்ன அந்த மீட்டர் வால்வில் ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் தொங்கி முறுக்கினான். ஸ்பேனர் ஒரு தடவை வழுக்கியது. மறுபடி மாட்டினான். துரு கிறீச்சிட்டு, வால்வு திரும்பி, தண்ணீர் நின்றது. கால்வாயிலிருந்து ஏறி வந்தபோது அவன் வலது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. முட்டி வரைக்கும் கால்வாய்ச் சேறு.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "உள்ள வாடா, கைய கழுவிக் கட்டுப் போடலாம்."

"வேணாம் லா. காலெல்லாம் சேறு, வீடு நாறிரும்," என்றான்.

கிழிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, புதுக்குழாயை மாட்டி முடித்தான். மீட்டரைக் கொஞ்சமாகத் திறந்து, அதே குழாயில் கையையும் காலையும் கழுவினான். மனைவி ஒரு தம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொடுத்தாள். "அண்ணே, உக்காந்து குடிங்க," என்றாள். நின்றபடியே குடித்துவிட்டு, தம்ளரையும் குழாயில் கழுவி மதில்மேல் கவிழ்த்து வைத்தான்.

"உள்ள வால்வு மாத்தணும் தங்கச்சி. அதுவரைக்கும் மீட்டர்லயே தொறந்து மூடிக்குங்க, இனி அது சொன்னபடி கேக்கும்," என்று அவளிடம் சொன்னான். பிறகு என்னிடம், முகத்தைப் பார்க்காமல்: "அதுக்கு அந்த லோபாக் தவுக்கேவக் கூப்பிட்டுக்க. உங்க வீட்டு உள்வேலையெல்லாம் அவருதான செய்றாரு."

அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் அந்த நிமிடம் வரை தெரியவில்லை. அவன் கூரைத் தகரம் மாற்றியிருக்கிறான், மழைநீர்க் குழாய் போட்டிருக்கிறான், கழிவுத்தொட்டி அடைப்பு எடுத்திருக்கிறான், கேட்டுச் சக்கரம்கூடச் சரி செய்து கொடுத்திருக்கிறான். எல்லாம் வெளியே. சமையலறைச் சிங்கு கெட்டபோதும் குளியலறைக் குழாய் கெட்டபோதும் லோபாக்கில் குழாய்க்கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயைக் கூப்பிட்டோம். அவரிடம் நல்ல சாமான் இருக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அவர் காலில் போட்ட சப்பாத்தோடு சாமி மாடத்தைத் தாண்டி உள்ளே போவார். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவன் மோட்டார் சத்தம் முக்கில் மறைந்ததும் மனைவி கேட்டாள்.

"உள்ள விட்டிருக்கலாம்ல?"

"நீ விரதச் சோறு ஆக்குற, தீட்டாச்சேன்னு…"

"நான் எப்ப வேணாம்னேன்? நேத்து எங்கண்ணன் அதே சாவுக்குப் போயிட்டு வந்து சோபாவுல உக்காந்து காப்பி குடிச்சாரு. அப்ப நீங்க தீட்டுன்னு சொன்னீங்களா?"

அவள் மதில்மேல் கவிழ்ந்திருந்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதை அலமாரியில் எங்கள் தம்ளர்களோடு வைத்தாள். நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டேதான் வைத்தாள்.

மறுநாள் தவுக்கே வந்து வால்வை மாற்றிக் கொடுத்தார். வழக்கம்போல நேராக உள்ளே போனார். நான் வாசலில் நின்று, என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். போனில் எழுதினேன், அழித்தேன். என்னவென்று எழுதுவது? உன்னை உள்ளே விடாததற்கு மன்னித்துவிடு என்று எழுதினால், விடவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏதோ அவன் கவனித்திருக்காததுபோல. கடைசியில், "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. நேரில் போகலாம் என்று இரண்டு தடவை காரை எடுத்தேன். ஒரு தடவை தோட்டத்துச் சாலை முனை வரைக்கும் போய், தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். திருவிழாவில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நல்ல நாள், அம்மன் சன்னிதி, சொல்லச் சுலபமாக இருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூடத் தயார் செய்துவைத்தேன். கடிதம் எழுதிப் பழகியவன் அல்லவா.

திருவிழா அன்று காலை ஆற்றங்கரையில் பூசை முடிந்து, பால்குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். எடுப்பவர்கள் வாயை மஞ்சள் துணியால் கட்டிவிடுவது எங்கள் கோயில் வழக்கம். கோயிலுக்குப் போய்ப் பாலை இறக்கும் வரைக்கும் பேச்சு கிடையாது. உறுமிச் சத்தத்தோடு செம்பனை மரங்களுக்கு நடுவில் நடந்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்றார்கள். குடம் சுமப்பவரின் காலில் அதை ஊற்றிக் கழுவி, தொட்டுக் கும்பிட வேண்டும். குடத்தைச் சுமக்கும் நேரத்தில் அவர் மனிதர் இல்லை, அம்மன். வயதில் பெரியவர்கள்கூடக் குனிவார்கள்.

முதல் லயம் தாண்டியது. அங்கே இப்போது பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள், வாசலில் நின்று போனில் படம் எடுத்தார்கள். நடு லயம் தாண்டியது. ஊர்வலம் திரும்பவில்லை. நான் கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கி மாற்றிய அதே பாதையில், நேராகக் கடைசி லயத்துக்குப் போனது.

அவன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. வாளியில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. அவனுக்கு முன்னால் வந்ததும், முன்னே போனவர்கள் நின்றதால் நானும் நிற்க வேண்டியிருந்தது.

குனிந்தான். ஒரு கையால் செம்பைச் சாய்த்து, இன்னொரு கையால் என் கால்களைக் கழுவினான். சாலைப் புழுதி போகும்படி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினான். உள்ளங்கைக் காயத்தில் போட்டிருந்த பிளாஸ்டர் நனைந்து, ஓரம் பிய்ந்து என் பாதத்தில் உரசியது. மஞ்சள் பூசினான், குங்குமம் வைத்தான். பிறகு இரண்டு கையாலும் என் காலைத் தொட்டு, நெற்றியை என் பாதத்தில் வைத்தான். அவன் நெற்றி சூடாக இருந்தது. எனக்குக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இழுக்கக் கூடாது. அவன் என்னைக் கும்பிடவில்லை, கும்பிடுவது அம்மனை. அவன் காலைத் தொட நான் குனிந்திருந்தால் பால் கொட்டியிருக்கும், மனைவிக்காகச் செய்த வேண்டுதல் கெட்டிருக்கும். இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியது. எனக்குக் காரணங்கள் எப்போதும் சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன.

"ஆத்தா, எல்லாரையும் நல்லா வச்சிரு தாயே," என்று எழுந்தான். வாளியை நகர்த்தியவன், ஏதோ நினைவு வந்ததுபோல என் முகத்தைப் பார்த்தான். குழாய் மாட்டிய அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான்.

"பைப்பு ஒழுகலயே?" என்று மெல்லக் கேட்டான்.

தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் துணிக்குப் பின்னால் இருந்தன. இல்லை என்று தலையை ஆட்டவாவது வேண்டும். தலையில் பால்குடம் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவன் பக்தி என்று நினைத்திருப்பான்.

பின்னால் வந்தவர் முதுகில் இடித்தார். நான் நடந்தேன். அவன் அடுத்தவரின் காலுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்திருந்தான்.